ஒற்றைப் புள்ளியில் சொட்டுகிறது

சில வாரங்களாக வீட்டுத் துணி எல்லாவற்றையும் இந்த ஸ்டீம் அயர்ன் பாக்ஸில்தான் தேய்க்கிறேன். பட்டுப் புடவைக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோக மட்டும் இன்னும் மனம் வரவில்லை. 2000 வாட், செராமிக் தகடு, தொங்கும் துணிக்கும் ஆவி அடிக்கலாம் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கிறது. அதில் போடாத குணம் ஒன்று உண்டு. சூட்டைக் குறைத்தால் சொட்டுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காட்டனுக்கு இது அபாரம். கஞ்சி போட்டு மொடமொடவென்று காய்ந்த புடவைக்குத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைக்கும் வேலையே இல்லை. டயலை மூன்று புள்ளிக்குத் திருப்பி ஆவியைத் திறந்தால், முரட்டுச் சுருக்கமும் ஒரே இழுப்பில் படிகிறது. லினன் சட்டையின் காலரும் கைப்பட்டியும் அப்படியே. கஞ்சித் துணி முடிந்து பெட்டி ஆறியதும் தகட்டை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஒட்டிய கஞ்சி பழுப்பேறி அடுத்த வெள்ளைச் சட்டையில் இறங்கும்.

இனி அந்தச் சொட்டு. டயலில் உள்ள புள்ளிகளைத்தான் துணி லேபிளிலும் அச்சிடுகிறார்கள். ஒரு புள்ளி என்றால் தகட்டின் சூடு ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸ், இரண்டுக்கு 150, மூன்றுக்கு 200. தொட்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தகட்டுக்கு மேலுள்ள அறையில் விழுந்து ஆவியாக வேண்டும். தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில். ஒற்றைப் புள்ளியில் தகடு அதைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கும்; விழும் தண்ணீர் அந்தச் சூட்டையும் குடித்துவிடும். ஆவியாகாத மிச்சம் துளைகள் வழியே துணியில் இறங்குகிறது. ஆகவே ஆவி வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு புள்ளி வேண்டும்.

இது இயற்பியல், இதற்காகப் பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தகடு ஆறினால் தானாகத் தண்ணீரை நிறுத்தும் சொட்டுத் தடுப்பு வால்வு சந்தையில் புதிதல்ல. இதில் அது இல்லை. சூட்டு டயல் ஒரு பக்கம், ஆவிக் குமிழ் இன்னொரு பக்கம். டயலைப் பட்டில் வைத்துக்கொண்டே ஆவியை முழுக்கத் திறக்கலாம், எதுவும் தடுக்காது. ஆவிக்கான எல்லையைச் சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் நிறத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரிவதில்லை. இதே கம்பெனியின் ஆவியில்லாத பழைய பெட்டியை வருடக்கணக்காக நம்பி வைத்திருக்கிறேன். அதனால்தான் கோபம் கூடுதலாக வருகிறது.

ஒரு பழைய பட்டுத் துண்டில் சோதித்தேன். சொட்டு விழுந்த இடம் காய்ந்ததும் வட்டமாகக் கறை நின்றது. பட்டுப் புடவையின் ஜரிகையையும் யோசிக்க வேண்டும். அசல் ஜரிகை, பட்டிழை மேல் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. போலி ஜரிகையில் பிளாஸ்டிக் இழை இருக்கலாம், அது அதிகச் சூட்டில் சுருண்டுவிடும். எனவே பட்டுக்குத் தொட்டியைக் காலி செய்யுங்கள், ஆவியை மூடுங்கள். புடவையை உட்புறம் திருப்பி, மேலே மெல்லிய வெள்ளைக் காட்டன் துணி விரித்து, ஒற்றைப் புள்ளியில் தொடங்குங்கள்.

பாலியெஸ்டருக்கு லேபிள் சொல்வதைத் தாண்டாதீர்கள்; சூடு மிஞ்சினால் துணியில் பளபளப்பு ஏறும், பிறகு போகாது. கம்பளிக்கு இரண்டு புள்ளியும் ஆவியும் சரி. இழுக்காமல் அழுத்தி எடுக்க வேண்டும். அக்ரிலிக்குக்கு ஆவியே வேண்டாம். குறைந்த சூட்டுத் துணிகளை முதலில் முடித்துவிட்டுக் காட்டனுக்கு வாருங்கள். தகடு சூடேறுவது சீக்கிரம், ஆறுவது மெதுவாக.

2000 வாட் பெட்டி 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குக் கிட்ட இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகச் சொருகுங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டு கூடாது. தண்ணீர் ஊற்றும்போது பிளக் வெளியே இருக்கட்டும். உப்பேறிய போர் தண்ணீர் ஆவித் துளைகளைச் சுண்ணாம்பால் அடைத்துவிடும். உடம்பில் போட்டிருக்கும் துணியில் ஒருபோதும் ஆவி அடிக்காதீர்கள். தோலில் படும் ஆவி தண்ணீராக மாறும்போது தன் சூட்டையெல்லாம் அங்கேயே இறக்கும்.

அலமாரி முழுக்கக் காட்டனும் லினனும் என்றால் தயங்காமல் வாங்கலாம். பட்டு அடிக்கடி உடுத்தும் வீடென்றால் இதை விட்டுவிடுங்கள். கூடுதலாகக் கொஞ்சம் பணம் போனாலும், சொட்டுத் தடுப்பு இருக்கிறது என்று அட்டைப்பெட்டியிலேயே எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். புடவையின் விலையோடு பார்த்தால் அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை.