ஓங்கிய கை எவ்வளவு நேரம் அந்தரத்தில் நிற்கும்?

2020-இல் 'ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்' வந்தபோது, நம்ம நாட்டுக் கதையை நம்ம ஆட்களே கேமாகச் செய்துவிட்டார்கள் என்று குதித்தவர்களில் நானும் உண்டு. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் குழு செய்தது. நாயகி ராஜி சர்க்கஸ்காரி. சுவரில் ஓடுகிறாள், தூணைப் பிடித்துச் சுழன்று திரிசூலத்தால் அடிக்கிறாள். உடம்பு அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் நாலைந்து சண்டைக்குப் பிறகு உறுத்த ஆரம்பித்தது: இவ்வளவு அழகான அசைவு என்னிடம் எந்த முடிவையுமே கேட்கவில்லையே? பக்கத்தில் தூண் இருக்கா, சுழல். இல்லையா, உருண்டு தப்பி. கறாராகப் பார்த்தால் ராஜி ஆர்பிஜி கிடையாது. ஆனால் ஆர்பிஜிக்காரர்கள் வருஷக்கணக்காக முட்டிக்கொள்ளும் சுவர் இதேதான்.

யோசிக்க நேரம் கொடுத்தால் உடம்பு சிலையாகிறது. உடம்பை ஓடவிட்டால் யோசனை செத்துப்போகிறது. 'பல்டூர்ஸ் கேட் 3'-இல் (2023) ஒரு சுற்று என்பது விதிப்படி ஆறு விநாடி. நான் பத்து நிமிஷம் கணக்குப் போடுவேன். அதுவரை கோப்ளின்கள் லேசாக ஆடிக்கொண்டே காத்திருக்கும், டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. 'ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக்' (2020) சமரசம் பேசுகிறது. சாதா வெட்டுகளால் ஒரு பட்டை நிரம்பும், மெனுவைத் திறந்தால் காலம் கிட்டத்தட்ட நின்றுவிடும், கிளவுடின் பெரிய வாள் அந்தரத்தில் தொங்கும். நல்ல சமரசம்தான். ஆனால் தையல் தெரிகிறது.

'டார்க் சோல்ஸ்' (2011) வேறு மாதிரி யோசித்தது. மருந்துக் குப்பியைக் குடிக்க பட்டனை அழுத்திவிட்டால் அவ்வளவுதான், உடம்பு குடித்து முடிக்கும்வரை அதைத் திரும்ப வாங்க முடியாது. எதிரிக்கு முன்னால் எப்போது குடிப்பது என்பதுதான் அங்கே வியூகம். அசைவுக்கு விலை இருக்கிறது. ராஜியின் சுழலுக்குப் பிறகு கால் ஊன்ற அரை விநாடி பிடித்திருந்தால், அந்த அரை விநாடி அவள் முதுகு திறந்து கிடந்திருந்தால், எந்தத் தூண், எப்போது என்று நானும் யோசித்திருப்பேன்.

எங்க மரக்காணம் பக்கம் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. கர்ணன் பாடுவான், அர்ச்சுனன் பதில் பாடுவான். முழுக்க முறைவைத்து நடக்கிற சண்டை. ஆனால் யாரும் சும்மா நிற்பதில்லை. பின்பாட்டு ஓடும்போது கிரிக்கி அடிப்பார்கள். கட்டை வேஷத்தின் கனத்தோடு சுற்ற ஆரம்பித்தவர் பாதியில் நிற்க முடியாது. அந்தக் கனத்தில்தான் கர்ணன் தெரிகிறான்.

2025-இல் வந்த பிரெஞ்சு கேம் 'கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' இதற்குப் பக்கத்தில் வருகிறது. முறைவைத்த சண்டைதான், ஆனால் எதிரியின் முறையில் அவன் உடம்பைப் படித்து நாம் விலகணும், தடுக்கணும். என் சண்டை வேறு இடத்தில். ஓங்கிய வாள் சில சமயம் காரணமே இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது, நம்மை அவசரப்பட வைத்து ஏமாற்ற. 'எல்டன் ரிங்'கில் (2022) மார்கிட் தடியை ஓங்கிக்கொண்டு நிற்பதும் இதே வேலை. உப்பளத்தில் நீளக் கம்பு மாட்டிய பலகையால் உப்பை இழுக்கிறவரைப் பாருங்கள். முதலில் கனம் பின்னங்காலுக்குப் போகும், தோள் இறங்கும், அப்புறம் இழுப்பு வந்தே தீரும். நம் கண்ணுக்கு இது பழக்கம். மார்கிட்டின் கையை நிறுத்தி வைத்திருப்பது மார்கிட் இல்லை, வடிவமைப்பாளர். கண்ணை மூடிக்கொண்டு தாளத்துக்குப் பட்டன் தட்டுகிறவர்களைத் தடுக்கத்தான் இப்படி என்பார்கள். நியாயம்தான், ஆனால் அதற்குப் பொய்யான உடம்பு தேவையில்லை.

'செகிரோ'வில் (2019) கெனிச்சிரோ எம்பி வெட்டிவிட்டு இறங்குவான். சிவப்பு எழுத்து மின்னும். அடுத்தது குத்து என்றால் முன்னால் போய் மிதிக்கணும், காலை வாரும் வீச்சு என்றால் எம்பணும். இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், அதை நம்பிப் பிரயோஜனம் இல்லை. வாளை எந்தப் பக்கம் இழுக்கிறான் என்றுதான் பார்க்கணும். ராத்திரி பூரா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.