இரு துளை, ஒரே படம்

முத்தியால்பேட்டையில் உறவினர் இல்லமொன்றில், ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர் கொணர்ந்த படப்பெட்டியைக் கண்டோம். விசையை அழுத்த அழுத்த, கஃபாவும் மதீனாவும் மாறி மாறித் தோன்றின. பயணம் செய்ய இயலாத மூதாட்டி ஒருவர் அதைக் கீழே வைக்க மனமின்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஏக்கத்தைப் போற்றுகிறோம். பெட்டியைத்தான் குறை கூறுகிறோம். மேலே 'முப்பரிமாணம்' என்ற பெயர், துளைகள் இரண்டு, உள்ளே இருப்பதோ ஒரே படத்தின் இரு நகல்கள்!

நமதூர் மணிக்கூண்டுக்கு நேரே விரலை நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம்பெயர்வதாகத் தோன்றும். இந்த வேறுபாட்டைக் கொண்டே மனம் ஆழத்தை உணர்கிறது. இரு கண் பார்வையைப் பற்றி இப்னுல் ஹைஸம் 11ஆம் நூற்றாண்டிலேயே 'கிதாபுல் மனாழிர்' நூலில் ஆராய்ந்தார். 1838இல் வீட்ஸ்டன், சற்றே வேறுபட்ட இரு படங்கள் ஒன்றுபட்டு ஆழம் காட்டுவதைக் கருவியமைத்து மெய்ப்பித்தார். 1858இல் லின்னேயஸ் டிரைப், மதுரையையும் தஞ்சையையும் அவ்வாறே இரட்டைப் படங்களாக எடுத்தார். 1939இல் அறிமுகமான வியூ மாஸ்டர் வட்டிலும் 7 காட்சிகளுக்கு 14 படங்கள்.

அந்த இரண்டாம் படத்தை விட்டுவிட்டால், தூண்களின் தொலைவும் முற்றத்தின் விரிவும் எங்ஙனம் புலப்படும்? வாங்குவோர் கண்களை மாற்றி மாற்றி மூடிச் சோதிக்க வேண்டும். முன்னுள்ள தூண் பின்னுள்ள சுவரைவிட்டுச் சிறிதும் நகரவில்லையெனில், அது வெறும் தட்டைப் படமே. ஏங்கும் கண்களுக்கு அதை ஆழமென்று விற்பது முறையன்று.