காதைப் பாருங்கள்

பூப்படம் என்றதும் ‘கேலண்டர் சமாசாரம்’ என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. முகப்படத்தையும் பாஸ்போர்ட் சைஸுக்கு மேல் யோசிக்க மாட்டார்கள். இந்த இரண்டையும் ரசிக்கப் பழகியவருக்கு மற்ற படங்களும் பிடிபட்டுவிடும்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுவோம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? நிழலே காட்டிக்கொடுக்கும். கேமரா எந்த உயரத்தில் இருந்திருக்கிறது? படத்தின் ஓரத்தில் எது வெட்டுப்பட்டிருக்கிறது? ஆரம்பத்துக்கு இது போதும்.

இனிதான் விஷயம். மங்கலில் இரண்டு வகை உண்டு: பின்னால் மங்கல், உள்ளே மங்கல். பின்னணியை மட்டும் கலைத்துவிட்டுப் பூவைத் தனியே நிறுத்துவது முதல் வகை. அழகுதான், ஆனால் எளிது. இரண்டாவது, பூவுக்குள்ளேயே நடக்கிறது. செம்பருத்தியை நெருங்கி எடுத்தால், நடுத்தண்டின் மகரந்தத் துகள் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போல இருக்கும். அங்கிருந்து இதழ் பின்வாங்கிப் பின்வாங்கி, அடிப்பக்கத்து அடர்சிவப்பு வெறும் நிறமாகக் கரைந்திருக்கும். பூவுக்கு ஆழம் வருவது அந்தக் கரைதலில். முகத்திலும் இதே கதைதான்: இமைமுடி துல்லியம், கன்னம் மெல்ல இளகும், காது ஏறக்குறையக் காணாமல் போகும்.

புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் இதில் ராணி. கல்கத்தாவில் பிறந்தவர், கேமரா கைக்கு வந்தபோது வயது 48. லென்ஸைத் திருப்பிக்கொண்டே வந்து கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் நிறுத்திவிடுவாராம். அன்றைய விமர்சகர்கள் ‘ஃபோகஸ் தெரியாதவர்’ என்றார்கள். 1867இல் அவர் எடுத்த வானியலாளர் ஜான் ஹெர்ஷலின் முகத்தைப் பாருங்கள். தலையை அலசவைத்து, பறக்கும் வெள்ளை முடியோடு இருட்டிலிருந்து எழவைத்திருக்கிறார். ஃபோகஸ் அளந்துகொண்டிருந்த அந்த விமர்சகர்களை இன்று யாருக்கு நினைவிருக்கிறது? கடைசிக் காலத்தில் இலங்கைக்குப் போனவர், களுத்துறையில் தன்னைப் பார்க்க வந்த மரியான் நார்த்தையும் படமெடுத்தார். உலகமெல்லாம் சுற்றிப் பூக்களை வரைந்தவர் நார்த்!

போன்களின் போர்ட்ரெய்ட் மோடு பெரும்பாலும் பின்னால் மங்கலோடு நின்றுவிடுகிறது. கணக்குப் போட்டு முகத்தைக் கத்தரித்து எடுத்து, மிச்சத்தைக் குழப்பிவிடுகிறது. பெரிய வளையத் தோடு போட்டவரின் படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள்: வளையத்தின் நடுவே தெரியும் சுவர் சில சமயம் மங்காமல் அப்படியே நிற்கும். முகம் மட்டும் மூக்கிலிருந்து காதுவரை ஒரே தட்டை. அதற்கு மேல் தோலை வழவழப்பாக்கும் ஃபில்டர் வேறு. இதழில் தண்ணீர் தெளித்துப் ‘பனித்துளி’ காட்டுவதும் இதே ரகம், மேலோட்டமான வேலை.

அப்படியானால் மங்கலே இல்லாத படம்? புகைப்படக் கலைஞர் இமோஜன் கன்னிங்ஹாமின் 1925ஆம் வருட மக்னோலியாவைத் தேடிப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டைவிட்டு நகர முடியாத வருடங்களில், தோட்டத்துப் பூக்களையே எடுத்துத் தள்ளினார். இதழ்களில் ஏறக்குறைய எல்லாமே துல்லியம். ஆழத்தைச் சாம்பல் நிறத்தின் படிகளே தருகின்றன. பிறகு, எல்லாம் துல்லியமாக விழச்செய்யும் குறுகலான லென்ஸ் திறப்பின் பெயரையே வைத்துக்கொண்ட ‘எஃப் 64’ குழுவிலும் சேர்ந்தார்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குக் கேமரன்தான் ஒரு படி மேல். ஹெர்ஷலையும் மக்னோலியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கண்ணுக்குப் போகாதீர்கள், எல்லோரும் அங்கேதான் போவார்கள். காதிலிருந்தும் இதழின் அடியிலிருந்தும் ஆரம்பியுங்கள்.