பதிவதில் கெட்டி, காப்பதில் கோட்டை

கட்டைவிரல் நீளம்தான் இருக்கிறது. கீபோர்டு வயரை இதில் செருகி, இதைச் சிபியுவின் பின்பக்கம் செருகினால் வேலை முடிந்தது. மென்பொருள் எதுவும் நிறுவ வேண்டாம், விளக்கு எரிவதில்லை, விண்டோஸும் ஒரு கேள்வி கேட்பதில்லை. அந்த நொடியிலிருந்து தட்டுவதெல்லாம் உள்ளே இருக்கும் 16 எம்.பி. நினைவகத்தில் ஏறுகிறது. ஒரு தட்டலுக்கு ஒரு பைட் என்று வைத்தால் சுமார் 1.6 கோடி தட்டல்களுக்கு இடம் உண்டு. யூ.எஸ்.பி. கீலாகர்களில் இது ஒன்று. பெயரைச் சொல்லி விளம்பரம் தேடித்தர எனக்கு விருப்பமில்லை.

பதிந்ததைப் படிக்க, குறிப்பிட்ட மூன்று எழுத்துகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். உடனே கருவி பென் டிரைவாக மாறி ஒரு டெக்ஸ்ட் ஃபைலைக் காட்டும். தமிழ்99 முறையில் நான் அடித்த ‘வணக்கம்’, அதற்குள் வி, பி, ஹெச், ஹெச், கே, எஃப் என்று கிடந்தது. எந்த விசை அழுத்தப்பட்டது என்பது மட்டும்தான் இதற்குத் தெரியும். அதைத் தமிழாக்குவது கணினியின் வேலை. தமிழில் அடித்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அந்த முறை தெரிந்தவர் கடகடவென்று படித்துவிடுவார். பாஸ்வேர்டுக்கோ அந்தத் தமிழ்த் திரையும் இல்லை. வங்கித் தளத்தின் முகவரி, பயனர் பெயர், டேப், பாஸ்வேர்டு, என்டர் என்று வரிசை கலையாமல் நிற்கிறது. தப்பாக அடித்து பேக்ஸ்பேஸ் தட்டியதுகூட விடுபடவில்லை.

மவுஸால் செய்த காப்பி-பேஸ்ட், பாஸ்வேர்டு மேனேஜர் தானாக நிரப்பியது, திரையில் தோன்றும் கீபோர்டில் கிளிக் செய்தது ஆகியவை இதில் சிக்கவில்லை. லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டும் இதற்கு எட்டாது. மென்பொருள் கீலாகர்கள் கொஞ்சம் மேலே போகும். திரையைப் படம்பிடிக்கும், கிளிப்போர்டை மேயும், எல்லாவற்றையும் இணையம் வழியே அனுப்பும். ஆனால் அவற்றை ஆன்டிவைரஸ் பிடிக்க வாய்ப்பு உண்டு. வயருக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் இதை ஆன்டிவைரஸால் கண்டுகொள்ளவே முடியாது.

விற்பவர்கள் சொல்லும் பயன்கள் மூன்று: பிள்ளைகளைக் கவனிக்க, ஊழியர்களைக் கண்காணிக்க, எழுதியது அழிந்தால் மீட்க. மூன்றாவது பாதிதான் உண்மை. மவுஸால் வெட்டி ஒட்டிய கட்டுரை இதில் குலைந்துபோய்த்தான் வருகிறது. அலுவலகக் கணினியில், எழுத்துபூர்வமாகத் தெரிவித்துவிட்டு வைக்கும் முதலாளியிடம் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் மதிய இடைவேளையில் ஊழியர் மின்கட்டணம் கட்டினாலும் அவருடைய பாஸ்வேர்டு அந்த ஃபைலுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு அதைக் காக்க வேண்டியது யார்? நான் சோதித்த கருவியில், அந்த மூன்று எழுத்துகள் தெரிந்த எவரும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகலாம். அவற்றை மாற்றும் வசதி உண்டு, எத்தனை பேர் மாற்றப்போகிறார்கள்!

கெட்ட எண்ணமே இல்லாமலும் இது நடக்கும். 2017-இல் சில ஹெச்.பி. லேப்டாப்களின் ஆடியோ டிரைவர், மைக்கை நிறுத்தும் பட்டன் தட்டப்படுகிறதா என்று பார்ப்பதற்காக எல்லா விசைகளையும் கவனித்து, அந்தக் கணினியைப் பயன்படுத்தும் யாரும் திறக்கக்கூடிய ஃபோல்டரில் எழுதி வைத்தது. சுவிட்சர்லாந்தின் மோட்ஸீரோ நிறுவனம் அதைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் திருத்தினார்கள். கெட்ட எண்ணத்தோடு நடந்ததும் உண்டு: 2022-இல் பாஸ்வேர்டுகளைக் காப்பதையே தொழிலாகக் கொண்ட லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில், ஓர் இன்ஜினீயரின் வீட்டுக் கணினிக்குள் கீலாகர் புகுந்தது. அவர் அடித்த மாஸ்டர் பாஸ்வேர்டு திருடுபோய், நிறுவனத்தின் பெட்டகமே திறந்துகொண்டது.

ஆகவே என் தீர்ப்பு: பதிவதற்கு முழு மதிப்பெண், பாதுகாப்புக்குப் பூஜ்யம், வாங்க வேண்டாம். ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ உட்கார நேர்ந்தால் சிபியுவின் பின்னால் எட்டிப் பார்த்து, கீபோர்டு வயர் நேராகப் போய்ச் சேர்கிறதா, நடுவில் துண்டு ஏதும் தொங்குகிறதா என்று கவனியுங்கள். கீபோர்டுக்கு உள்ளேயே பொருத்திய ரகமும் உண்டு, அதை வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கடைக் கணினியில் நான் பிரின்ட் எடுப்பதோடு சரி, வங்கி வேலையெல்லாம் என் செல்போனில்தான்.