அடிகளை எண்ணுகிறவர்கள்

அமெரிக்க சமூகவியல் பேராசிரியர் மரே ஸ்ட்ராஸ் 1979-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். சென்ற ஓராண்டில் துணையை எத்தனை முறை தள்ளினீர்கள், அறைந்தீர்கள், எதையாவது எடுத்து வீசினீர்கள் என்று தம்பதிகளிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது அதன் முறை. பின்னால் கல்லூரிக் காதலர்களிடமும் கேட்டார்கள். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாகவே அடிக்கிறார்கள் என்று கணக்கு வந்தது. 2000-இல் ஜான் ஆர்ச்சர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது பெண்களின் கை இம்மியளவு ஓங்கியே இருந்தது. ஆனால் காயம் பட்டவர்களில் 100-க்கு 62 பேர் பெண்கள்.

இதைப் படித்ததும் ஷேக்ஸ்பியரின் 'டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' நாடகம் நினைவுக்கு வந்தது. 1963-இல் வந்த 'அறிவாளி' படத்தின் மூலம் என்றால் நம்மவர்களுக்குப் புரியும். பெண் கேட்டு வந்த பெட்ருச்சியோவை, முதல் சந்திப்பிலேயே கேதரினா அடித்துவிடுகிறாள். இன்னொரு தரம் அடித்தால் திருப்பிக் கொடுப்பேன் என்கிறான் அவன். ஆனால் கடைசிவரை அவளை அடிப்பதில்லை. கல்யாணம் முடிந்ததும் தன் வீட்டுக்கு இழுத்துப் போய்ப் பட்டினி போடுகிறான், தூங்கவிடாமல் செய்கிறான். எல்லாம் அவள் மேலுள்ள அக்கறையாம்! கடைசியில், சூரியனைச் சந்திரன் என்று அவன் சொன்னால் அவளும் ஆமாம் என்கிறாள்.

ஸ்ட்ராஸின் தாளில் அடித்த கணக்கு என்னவாக இருக்கும்? அவளுக்கு ஒன்று. அவனுக்குப் பூஜ்யம்.

ஷேக்ஸ்பியர் இதைச் சிரிக்கத்தான் எழுதினார். ஆனாலும் அவள் பசியை அவர் மறைக்கவில்லை. அதனால்தான் இன்று நமக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

அதற்காக எண்ணியவர்களைப் பழிப்பது நியாயமில்லை. காதலியிடம் அடிபடும் இளைஞனும் உண்டு. சொன்னால் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டிருப்பவன் அவன். கதை எழுதுகிற நாம் அவனை விகடமாக்கினோம். அந்தக் கணக்கு அவனையும் மனிதனாக எண்ணியது. 1996-இல் ஸ்ட்ராஸும் மற்றவர்களும் அளவுகோலைத் திருத்திக் காயத்தையும் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே மைக்கேல் ஜான்சன் என்ற அறிஞர், கோபத்தில் கை நீட்டும் சண்டை வேறு, ஒருவரை அடக்கி ஆளவென்றே நடக்கும் கொடுமை வேறு என்று பிரித்துக் காட்டியிருந்தார். நாவலாசிரியன் தொடங்கவேண்டிய இடமும் அதுதான்.

யார் எத்தனை முறை அடித்தார் என்பது மட்டும் போதாது. வாசலில் மற்றவரின் செருப்புச் சத்தம் கேட்டதும் இருவரில் யாருக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது? அதைக் கேட்காத கணக்கும் சரி, கதையும் சரி, பாதிதான்.