மின்னூலில் செய்யுளடி

ஏட்டுச்சுவடிகளில் செய்யுள்கள் அடி பிரிக்கப்படாமல் உரைநடைபோலத் தொடர்ந்தே எழுதப்பட்டன. புள்ளி இடும் வழக்கும் அரிது. யாப்பறிவின் துணைகொண்டே பதிப்பாசிரியர்கள் அடிகளை வரையறுத்தனர். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர் பட்ட இடர்ப்பாடு அறிஞர் அறிந்ததே. அவர்தம் சுவடிகளைக் காக்க 1943-இல் தோன்றிய நூல்நிலையம் இன்று பெசன்ட் நகரில் உள்ளது.

அவ்வுழைப்பின் பயன் மின்னூலில் நிலைபெறுகின்றதா என்பது ஈண்டு ஆராயற்பாலது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், கோட்டூர்புரத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழநூல்களை யாவர்க்கும் எளியவாக்கின. இது போற்றத்தக்கது. ஆயின், திரையின் அகலத்திற்கேற்ப வரி மடங்கும் மின்னூல்களில் ஒரு குறை உண்டு.

குறள்வெண்பா ஒன்றைக் கணினியிலும் கைப்பேசியிலும் வைத்து நோக்கினேன். கணினியில் நாற்சீரடியும் முச்சீரடியும் முறையே நின்றன. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கியவுடன் முதலடியின் நான்காம் சீர் கீழிறங்கித் தனிவரியாயிற்று. குறள்வெண்பா மூவடிச் சிந்தியல் வெண்பாவின் தோற்றம் பெற்றது; இரண்டாமடியின் எதுகை மூன்றாம் வரிக்குச் சென்றது. யாப்புப் பயிலும் மாணவன் மயங்குவானாயின் பிழை அவன்பாலதன்று.

பக்கத்தைப் படமாகத் தரின் அடி பிறழாது. ஆனால் சிறுதிரையில் எழுத்து நுண்ணிதாகிக் கண்ணை வருத்தும். ஆதலின், மடங்கிய சீரை உள்தள்ளி அமைத்தலே தக்க நெறி. அங்ஙனம் அமைப்பின் அடியின் தொடக்கம் எத்திரையிலும் புலனாகும். பெரியதும் சிறியதுமாகிய திரைகளில் இதனைச் சோதித்த பின்னரே மின்னூலை வெளியிடல் வேண்டும். அச்சோதனையில் கணிப்பொறியாளரோடு யாப்பறிந்தாரும் உடனிருத்தல் இன்றியமையாதது. முன்னோர் ஏட்டிலிருந்து மீட்டுத் தந்த அடியைத் திரையில் நாம் இழத்தல் தகாது.