ஒரே பிரிவில் உறையும் நூலகர்கள்

பெரிய நூலகங்களில் ஒருவர் நூற்பட்டியல் தயாரிப்பார், ஒருவர் பருவ இதழ்களைக் கவனிப்பார், இன்னொருவர் நூல் வழங்கும் மேசையில் இருப்பார். வேலை விரைவாக நடக்கும், பிழையும் குறையும். பதினைந்து ஆண்டுகள் ஒரே நாற்காலியில் இருந்தவர் வேறு நூலகத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இந்த வசதிக்கு விலை கொடுத்தவர் யார் என்பது தெரியவரும்.

நூற்பட்டியலாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். நுட்பமான வேலை அது. ரா. கிருஷ்ணமூர்த்தியும் கல்கியும் ஒருவரே, எஸ். ரங்கராஜனும் சுஜாதாவும் ஒருவரே என்று தெரிந்து, எல்லா நூல்களையும் ஒரே பெயரின்கீழ் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் தேடுபவருக்குப் பாதி நூல்கள் அகப்படாது. வருடக்கணக்கில் அந்த மேசையில் உட்கார்ந்தவருக்கே இந்தக் கண் வாய்க்கும். பிரிவுத் தேர்ச்சியை வெறுமனே குறை சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அமெரிக்காவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அங்கே காங்கிரஸ் நூலகம் 1901 முதல் அச்சிட்ட பட்டியல் அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்றுவந்தது. 1960களில் அதே நூலகத்தின் ஹென்றியெட் அவ்ராம் பட்டியல் பதிவுகளைக் கணினி படிப்பதற்கான ‘மார்க்’ வடிவத்தை உருவாக்கினார். 1971இல் ஒஹாயோவில் நூலகங்களின் கூட்டு அமைப்பான ஓசிஎல்சி இணைவழிப் பட்டியலைத் தொடங்கியதும், ஒரு நூலகம் எழுதிய பதிவை மற்றவை அப்படியே எடுத்துக்கொள்ள முடிந்தது. 1993இல் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் பட்டியல் பிரிவையே மூடி, வேலையை ஓசிஎல்சியிடம் ஒப்படைத்தது. ஹவாய் மாநில நூலகம் 1996இல் நூல் தேர்வையும் பட்டியலையும் ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்து, தேர்வு பற்றி எழுந்த புகார்களுக்குப் பின் மறு ஆண்டே ஒப்பந்தத்தை முறித்தது. நூலறிவு உள்ளவர் தேவை என்பதற்கு ஹவாய் சாட்சி. விதிகளை மட்டும் அறிந்தவருக்குப் பாதுகாப்பில்லை என்பதற்கு ரைட் ஸ்டேட் சாட்சி.

நம் பக்கம் சிக்கல் வேறு உருவில் வருகிறது. பல்கலைக்கழக நூலகர் பதவிக்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிமுறை முனைவர் பட்டமும் பத்தாண்டு அனுபவமும் கேட்கிறது. அதோடு, தகவல் தொழில்நுட்பத்தை இணைத்த புதுமையான நூலகச் சேவைக்குச் சான்றும் கேட்கிறது. வாசகரை நேரில் பார்க்காத பிரிவிலேயே காலம் தள்ளியவர் எந்தச் சேவையைச் சான்றாகக் காட்டுவார்? அவரை அங்கே உட்கார வைத்தது நிர்வாகம்; நேர்காணலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

எல்லா வேலையையும் எல்லோருக்கும் பகிர்வதும் மருந்தாகாது. ஊர்ப்புற நூலகர் திறப்பதிலிருந்து பூட்டுவதுவரை எல்லாம் செய்கிறார். எதிலும் ஆழம் போக அவருக்கு நேரமில்லை. ஓலைச்சுவடி படிக்கத் தெரிந்தவரைச் சுழற்சி என்ற பெயரில் சந்தாப் பிரிவுக்கு மாற்றுவது வீண் சேதம். அவருக்கு வேண்டியது இருக்கும் இடத்திலேயே பதவி உயர்வு.

ஆழமும் அகலமும் ஒருவரிடம் சேரும் என்பதற்கு எஸ். ஆர். ரங்கநாதனைக் காட்டுவது வழக்கம். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார்; குறிப்புதவிப் பணி பற்றியும் நூலகச் சட்டம் பற்றியும் எழுதினார். ஆனால் அவர் தலைமைப் பொறுப்பில் இருந்தார், எந்த மேசைக்கும் போக முடிந்தது. இன்றைய உதவி நூலகருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ரங்கநாதனை எடுத்துக்காட்டி உதவியாளர்களைக் கடிந்துகொள்வது நியாயமில்லை.

குற்றம் ஒரு துறையில் தேர்வதில் இல்லை. வெளியே போக வழி வைக்காத நிர்வாகத்தில் இருக்கிறது. முதல் சில ஆண்டுகளில் எல்லாப் பிரிவுகளிலும் பணி, பிறகு விரும்பிய பிரிவில் ஆழம் என்று விதி வகுத்தால் போதும், இதற்குப் பெரிய செலவும் இல்லை. அப்படி ஒரு விதி வரும்வரை, எம்.லிப். முடித்துப் பெரிய நூலகத்தில் சேரும் இளைஞர்களே, வாரத்தில் சில மணி நேரமாவது குறிப்புதவி மேசையில் உட்கார அனுமதி கேளுங்கள். எழுத்திலேயே கேளுங்கள்.